எமனுக்கு முகமெழுதுதல்

ஸ்ரீ அரவிந்தரின் 'ஸாவித்ரி' பன்னிரண்டு காண்டங்கள் கொண்டது. எட்டாவது, மரண காண்டம். காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருக்கும் சத்தியவான் இறந்துபோவது இதில்தான் வருகிறது. ஏறத்தாழ 24,000 வரிகள் நீளும் காவியத்தில் இதுவே மிகச் சிறிய காண்டம். சில பக்கங்களில் முடிந்துவிடும். ஒரே ஒரு சருக்கம்தான் இருக்கிறது. அந்த ஒரே சருக்கத்தின் தலையில் 'மூன்றாம் சருக்கம்' என்று போட்டிருக்கும். முதல் தடவை படிக்கிறவர்கள் பக்கங்கள் ஏதோ விட்டுப்போயின என்று எண்ணிப் பின்னால் புரட்டிப் பார்ப்பார்கள். எதுவும் விட்டுப்போகவில்லை. காவியத்துக்கு ஆரம்ப காலத்தில் ஆறு சருக்கமும் ஒரு முடிவுரையும் கொண்ட ஒரு பழைய வடிவம் இருந்தது. அதில் மூன்றாவதாக இருந்த பகுதிதான் இது. கடைசிக் காலத்தில் லேசாகத் திருத்தி, சில வரிகள் சேர்த்து எட்டாம் காண்டமாக வைத்தார்கள். மற்றக் காண்டங்களைப் போல இது விரித்து எழுதப்படவேயில்லை. அதை நினைவூட்டத்தான் பதிப்பாளர்கள் பழைய எண்ணை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

1950ஆம் வருஷத்தின் கடைசி மாதங்களில் நடந்ததை நீரோத்பரன் எழுதியிருக்கிறார். எடின்பரோவில் மருத்துவம் படித்த இவர், அரவிந்தரின் கண் பார்வை குறைந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல ஸாவித்ரியை எழுதியவர். எதிலும் அவசரப்படாத மனிதர் திடீரென்று காவியத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சொன்னது இவருக்கு ஆச்சரியமாக இருந்தது. விதியின் காண்டத்தைத் திருத்தி முடித்ததும், இனி என்ன பாக்கி என்று கேட்டார். மரண காண்டமும் முடிவுரையும் என்று நீரோத்பரன் சொன்னார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு பதில் வந்தது. 1950 டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் காலமானார்.

மரணத்தை வெல்வதைப் பற்றி இத்தனை ஆயிரம் வரிகள் எழுதியவர் மரண காண்டத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பக்தர்களிடம் இதற்கு விளக்கங்கள் உண்டு. எனக்கு இங்கே வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. பத்து வருஷங்கள் கழித்து இதே பாண்டிச்சேரியில் இரண்டு பெண்கள் அந்தக் காவியத்தைக் காண்டம் காண்டமாக ஓவியமாக்க உட்கார்ந்தார்கள். ஒருவர் அன்னை என்று ஆசிரமத்தார் அழைக்கும் மிர்ரா அல்ஃபாஸா. 1961இல் அவருக்கு வயது 83. இன்னொருவர் ஹுதா என்ற குஜராத்திப் பெண், வயது முப்பது. ஆறேழு வருஷங்களில் 472 ஓவியங்கள் தயாராயின. 1967இல் பாண்டிச்சேரியில் காட்சிக்கு வைத்தார்கள். கவிஞர் தள்ளிப்போட்ட காண்டத்தை ஓவியர்கள் தள்ளிப்போட முடியவில்லை. எமனுக்கு அவர்கள் ஓர் உருவம் கொடுத்தாக வேண்டியிருந்தது.

இந்தக் காவியத்தை ரொமாண்டிக் மரபில் வைத்துப் பார்ப்பது ஆசிரமத்தில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அது வந்த வழி அதுதான். ஏழு வயதில், 1879இல், இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு 1893 வரை அங்கேயே வளர்ந்தவர் அரவிந்தர். சிறுவயதில் ஷெல்லியின் 'இஸ்லாமின் எழுச்சி'யைத் திரும்பத் திரும்பப் படித்ததை அவரே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி பாண்டிச்சேரியில் வந்திறங்கியபோது, ஷெல்லிதாசன் என்று தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டிருந்த பாரதி இரண்டு வருஷமாக இங்கே குடியிருந்தார். அரவிந்தர் முதலில் தங்கியது வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், சங்கர செட்டியார் வீட்டு மாடியில். அந்த வருஷங்களில் இருவரும் அடிக்கடி சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். ஷெல்லியைப் படித்த இரண்டு பேர், இருவருமே பிரிட்டிஷ் போலீஸ் தேடும் ஆட்கள், பிரெஞ்சுக்காரன் ஊரில் உட்கார்ந்து வேதம் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நம் இலக்கியச் சரித்திரத்தில் சாதாரண விஷயமில்லை.

ஸாவித்ரியின் முதல் கையெழுத்துப் பிரதி 1916ஆம் வருஷத்தது. அப்போது அது வன பர்வத்துக் கதையை ஆங்கிலச் செய்யுளில் சொல்லும் ஒரு நடுத்தர நீளக் கதைப்பாட்டு. கதை நமக்குத் தெரிந்ததுதான். மணக்கப்போகிறவன் சரியாக ஒரு வருஷத்தில் இறப்பான் என்று நாரதர் சொல்கிறார். ஸாவித்ரி அவனையே மணக்கிறாள். சத்தியவானிடமோ கண்ணிழந்த மாமனாரிடமோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு வருஷம் முழுக்க, காட்டு வீட்டில் எல்லோருக்கும் நடுவில், அந்தத் தேதி அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. தனிமை என்றால் இதைவிட என்ன இருக்க முடியும்? மகாபாரதம் இதை இரண்டு மூன்று சுலோகங்களில் தாண்டிப் போய்விடுகிறது. அரவிந்தர் இங்கே நிற்கிறார். ஏழாம் காண்டம் முழுக்க இந்த நிலையிலிருந்துதான் கிளம்புகிறது. மரணத்தையும் தனிமையையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பது ரொமாண்டிக் கவிஞர்களிடமிருந்து வந்த பழக்கம். ஆனால் அவர்களுடைய தனியன் மலை உச்சியில், கடற்கரையில், சமாதி ஓரத்தில் நிற்பவன். இவள் அடுப்படியில் நிற்கிறாள். இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

எழுதியவர் வாழ்க்கையிலிருந்து ஒரு தகவல். 1901இல் அவர் மணந்த மிருணாளினி தேவி, 1910க்குப் பிறகு கணவரைப் பார்க்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் புறப்பட இருந்த சமயத்தில், 1918 டிசம்பரில், கல்கத்தாவில் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலில் இறந்தார். கணவனை எமனிடமிருந்து மீட்கும் மனைவியின் கதை அப்போது கையெழுத்துப் பிரதியாக இந்த ஊரில் மேஜைமேல் இருந்தது. இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு ஒரு விளக்கம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றதைப் பழையபடி படிக்க முடிவதில்லை.

1926 நவம்பருக்குப் பிறகு அரவிந்தர் அறையைவிட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். வருஷத்தில் சில தரிசன நாட்கள் மட்டும். 1938இல் தொடை எலும்பு முறிந்தது. அந்த அறைக்குள்தான் கதைப்பாட்டு காவியமாக வளர்ந்தது.

மிர்ரா, பாரிஸில் அகாதெமி ஜூலியானில் ஓவியம் படித்தவர். 1897இல் அவர் மணந்த ஆன்ரி மொரிஸே, குஸ்தாவ் மொரோவின் மாணவர். மத்தீஸும் ரூவோவும் பயின்ற அதே பட்டறை. 1903, 1904, 1905 வருஷங்களில் மிர்ராவின் ஓவியங்கள் பாரிஸ் ஸலோனில் இடம்பெற்றன. மொரோ ஸிம்பலிஸ்டுகளில் மூத்தவர். இறந்த கவிஞனைத் தோளில் சுமந்து வரும் குதிரை மனிதனை வரைந்தவர். கண்ணால் காண்பதை விட்டு, கவிதையிலும் புராணத்திலும் உள்ளதை ஓவியத்துக்குக் கொண்டுவருவது அந்தப் பட்டறையின் காற்றிலேயே இருந்தது. ரொமாண்டிக் கவிதை பிரெஞ்சு ஓவியத்துக்குள் போய்ச் சேர்ந்த கடைசி இடம் அது. 1914இல் முதல் தடவையாகவும் 1920இல் நிரந்தரமாகவும் மிர்ரா பாண்டிச்சேரி வந்தார். ஆசிரமப் பொறுப்பு கைக்கு வந்த பிறகு தூரிகையை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார்.

ஹுதா ஆசிரமத்துக்கு வந்த பிறகு அன்னையிடமே ஓவியம் கற்றவர். வேலை நடந்த முறை இது. காவியத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். அன்னை சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தான் கண்டதைப் பென்ஸிலால் சில கோடுகளில் போட்டுக்காட்டுவார். வண்ணம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்வார். ஹுதா தன் அறைக்குப் போய் வரைந்து, திரும்பக் கொண்டுவந்து காட்டுவார். 1962இல் ஏற்பட்ட கடும் நோய்க்குப் பிறகு அன்னையும் மேல்மாடி அறையிலேயே தங்கிவிட்டார். ஆக, அறைக்குள் ஒதுங்கியவர் சொல்லி எழுதுவித்த கவிதையை, அறைக்குள் ஒதுங்கிய இன்னொருவர் சொல்லி வரைவித்தார். இரண்டு தடவையும் கண்டவர் ஒருவர், கை இன்னொருவருடையது.

கவிதையை ஓவியமாக்குவதில் ஐரோப்பாவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தெலாக்ருவா வழி. பைரன் 1816இல் எழுதிய 'ஷியோன் கைதி'யிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு கணம். தூணில் கட்டப்பட்ட கைதி, எட்டாத தூரத்தில் செத்துக்கொண்டிருக்கும் தம்பியை நோக்கிச் சங்கிலி இறுக எக்குகிறான். 1834இல் வரைந்த அந்த ஓவியத்தைப் பார்க்கக் கவிதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று பிளேக் வழி. எட்வர்ட் யங்கின் 'இரவுச் சிந்தனைகள்' வாழ்வு, மரணம், அமரத்துவம் பற்றி 1740களில் வெளிவந்த நீண்ட கவிதை. இரவும் சமாதியும் தனிமையும் ரொமாண்டிக்குகளுக்கு அதிலிருந்துதான் வந்து சேர்ந்தன. ஒரு பதிப்பாளருக்காக பிளேக் 1795 முதல் 1797 வரை அதற்கு 537 நீர்வண்ண ஓவியங்கள் வரைந்தார். 43 மட்டுமே அச்சாயின. புத்தகம் விற்கவில்லை. தாளின் நடுவில் யங்கின் செய்யுள் இருக்கும். அதைச் சுற்றி பிளேக்கின் மனிதர்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். யங் போதனை செய்கிற இடத்தில் பிளேக் ஓர் உடலைக் கொண்டுவந்து வைக்கிறார். எத்தனையோ தாள்களில் ஓவியம் செய்யுளோடு சண்டை போடுகிறது. இன்று யங்கைப் பெரும்பாலும் பிளேக்குக்காகத்தான் புரட்டுகிறோம்.

பாண்டிச்சேரி ஓவியங்கள் எண்ணிக்கையில் பிளேக்கின் பக்கம். மனப்பான்மையில் நேர் எதிர். இங்கே சண்டைக்கு இடமேயில்லை. கவிதை சத்தியம், அதைக் கண்டவர் குரு, வரைபவர் தன்னை ஒப்புக்கொடுத்தவர். இதனால் ஓவியங்களுக்கு ஒரு தூய்மை வருகிறது, மறுக்கவில்லை. உருவங்களில் எடை இல்லை; கோடுகள் கரைந்து வண்ணம் மூடுபனிபோலப் பரவுகிறது; ஒளி எங்கிருந்து விழுகிறது என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் எல்லாம் ஒளிதான். உதயங்களையும் தேவதைகளையும் லோகங்களையும் வரைகிற வரையில் இது சரி. எமன் வருகிறபோதுதான் சங்கடம்.

வன பர்வத்து எமன் ஆள். கிரீடம் உண்டு, சிவந்த கண்கள், கையில் பாசக்கயிறு. சத்தியவான் உடம்பிலிருந்து கட்டைவிரல் அளவு உயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு தெற்கே நடக்கிறான். பின்னாலேயே வரும் பெண் பேசுகிற தர்மத்தைக் கேட்டு மனசு இளகி வரம் தருகிறான். அரவிந்தரின் எமன் அப்படிப்பட்டவன் இல்லை. அவன் பெரும்பாலும் ஒரு குரல். ஒன்பதாம், பத்தாம் காண்டங்களில் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். காதல் உடம்பின் அரிப்பு, லட்சியம் மூளையின் கற்பனை, கடவுள் இருந்தாலும் உன்னைக் கவனிக்கவில்லை, எல்லாம் என்னிடம்தான் வந்து முடியும் என்கிற வாதங்கள். இவைதான் காவியத்திலேயே கூர்மையான பகுதிகள் என்பது என் அபிப்பிராயம். 1950களின் கடைசியில் பி. லாலும் அவர் நண்பர்களும் ஸாவித்ரியை முதுகெலும்பில்லாத, அடைமொழிகள் வழியும் கவிதை என்று ஒதுக்கினார்கள். புதுக்கவிதைக்காரர்களான நமக்கும் அந்தக் குற்றச்சாட்டு எளிதில் வாயில் வரும். எமன் பேசும் பக்கங்களை அவர்கள் பொறுமையாகப் படித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும். நம்மில் பலர் எமன் கட்சி. அது தெரியாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் குரலை எப்படி வரைவது? வாதம் செய்கிறவனை வரையலாம், வாதத்தை வரைய முடியாது. அவளுக்கு மட்டும் தெரிந்த தேதியையும் வரைய முடியாது. கடைசியில் எமன் ஒளியில் கரைந்துபோகிறான், பதினோராம் காண்டத்தில் அவன் இருந்த இடத்திலேயே ஓர் ஒளியுருவம் தோன்றுகிறது. கவிதையில் இது ஆயிரக்கணக்கான வரிகள் வாதாடி வந்து சேர்ந்த இடம். ஓவியத்தில் அடுத்த தாள். இருட்டு முதலிலேயே மென்மையாக இருந்ததால், அது கரைவதில் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை.

இதே ஊரில் இன்னொரு ஸாவித்ரி இருந்தாள். 'சத்தியவான் சாவித்திரி' எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியவர். 1922 நவம்பர் 13ஆம் தேதி பாண்டிச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நாடகம் எழுதுவதற்கு முன் அவர் வேஷம் கட்டியவர். எமன், சனீஸ்வரன் மாதிரிப் பயங்கர வேஷங்களில் பேர் வாங்கியவர். எமனாக அவர் வந்ததைக் கண்டு அவையிலிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும், சனீஸ்வரன் வேஷத்தை விடியற்காலையில் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் செத்துப்போனாள் என்றும் நாடகக்காரர்களிடம் கதைகள் உண்டு. அதற்குப் பிறகு அவர் அரிதாரத்தை விட்டுவிட்டு ஆசிரியராகிவிட்டார் என்பார்கள். கதை எவ்வளவு நிஜம் என்பது இருக்கட்டும். தன் கலை ஓர் உயிரை எடுத்துவிட்டது என்று ஒரு நடிகன் பயந்து விலகினான் என்பதை நம்பத் தயாராக இருந்த ஒரு சமூகம் எமனை எப்படிப் பார்த்தது என்பது அதில் தெரிகிறது.

கூத்துக்காரர்கள் அரிதாரம் பூசுவதை முகமெழுதுதல் என்பார்கள். பழைய தமிழில் ஓவியமும் எழுதுவதுதான். சுவாமிகளின் நாடகத்திலும் எமனுக்கும் சாவித்திரிக்கும் தர்க்கம் நடக்கிறது. தர்க்கத்தில் அவள்தான் ஜெயிக்கிறாள். ஆனால் பாட்டில் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் எமன் எதிரே உடம்போடு, வியர்வையோடு நிற்கிறான். அவன் முகம் கரைவதில்லை. நாடகம் முடிந்த பிறகு, வேஷக்காரன் தேங்காயெண்ணெய் தேய்த்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். மறுநாள் வேறு ஊரில் திரும்பவும் எழுதிக்கொள்கிறான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் சுவாமிகளின் நாடகங்கள் இன்றும் நடக்கின்றன.

1922இல், வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு வீட்டில் ஸாவித்ரியின் கையெழுத்துப் பிரதி இருந்தது. அதே ஊரில் சாவித்திரியை நமக்குத் தந்தவர் செத்தார். இரண்டுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆங்கிலக் காவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கருவடிக்குப்பத்தைக் குறிப்பிடுவதில்லை. நாடக ஆராய்ச்சிக்காரர்கள் ஆசிரமத்துப் பக்கம் போவதில்லை. ஒரே கதையை, ஒரே ஊரில், ஒரே காலத்தில் இரண்டு பெரிய மனங்கள் எமனோடு தர்க்கமாக ஆக்கியிருப்பதை நாம் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். வெள்ளைக்காரன் ஊரை இரண்டாகப் பிரித்த வாய்க்கால் நம் ரசனையிலும் ஓடுகிறது.

இப்படிச் சொல்வதால் மேடை எமன் உயர்ந்தது, ஆசிரம ஓவியம் தாழ்ந்தது என்று தீர்ப்பு எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடை எமனுக்குப் பயமுறுத்தத் தெரியும். அரவிந்தரின் எமனைப்போல யோசிக்கத் தெரியாது. ஓவியத்தில் குறை என்று நான் நினைப்பது, பயத்துக்கும் யோசனைக்கும் இடமில்லாமல் வெற்றியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வரைந்தது. கவிஞருக்கே அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை என்பதற்கு அந்தச் சின்ன எட்டாம் காண்டம் சாட்சி. ஓவியர்கள் கவிதைக்கு விசுவாசமாக இருந்தார்கள். கவிதை முடியாமல் நின்ற இடத்துக்கும் அதே விசுவாசத்தைக் காட்டியிருக்கலாம்.

ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 83 வயதில் தொடங்கி, 1962இல் சாவின் வாசல்வரை போய்த் திரும்பி, அதற்கும் பிறகு ஒரு மூதாட்டி பென்ஸிலைப் பிடித்து மரணத்தின் தோல்வியைக் கோடு கோடாக இன்னொரு பெண்ணுக்குப் போட்டுக்காட்டினார். எமனுக்கு அவர் எழுதிய முகம் மென்மையாக இருந்தது கலைக் குறை. அந்த வயதில், அந்த அறையில், அதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். 1973 நவம்பர் 17ஆம் தேதி அவரும் காலமானார். ஆசிரம முற்றத்தில் அரவிந்தரை வைத்த அதே சமாதியில் அவரையும் வைத்தார்கள். ஹுதா 2011 வரை வாழ்ந்தார். ஓவியங்களை ஆரோவில்லில் இருக்கும் சாவித்ரி பவனில் பார்க்கலாம்.

பார்க்கப்போகிறவர்கள் காவியத்தையும் கையில் எடுத்துப்போவது நல்லது. எட்டாம் காண்டத்தைப் பிரித்து, ஒற்றைச் சருக்கத்தின் தலையில் இருக்கும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஓவியங்களுக்கு முன்னால் நிற்கலாம். திரும்புகிற வழியில் கருவடிக்குப்பத்துக்கும் போய்விட்டு வரலாம்.